கீபோர்டை வைத்தே ஒரு ப்ளூஸ் ராக் ஆல்பம்: முதல் பாட்டைத் தனியாளாகப் பதிவு செய்வது எப்படி?

ப்ளூஸ் ராக் என்றாலே கிட்டார்தான் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். கீபோர்டு தெரிந்தால் போதும், தாராளமாக இறங்கலாம். எல்லாவற்றையும் ஒருவரே வாசிக்கும்போது எங்கே கையை எடுக்க வேண்டும் என்பதுதான் பெரிய பாடம்.

1. அமைப்பு

12 பார் போதும். ஒரு பார் என்றால் நான்கு பீட்; சி7, எஃப்7, ஜி7 எல்லாம் கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள். வரிசை இது: சி7 நான்கு பார், எஃப்7 இரண்டு, சி7 இரண்டு, ஜி7 ஒன்று, எஃப்7 ஒன்று, கடைசியில் சி7 இரண்டு.

2. இடது கை

இதைத்தான் முதலில் பதிவு செய்யுங்கள். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 100 பீட்டில் வைத்து, ஒவ்வொரு பீட்டையும் மூன்றாகப் பிரித்து, முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் அடியுங்கள். இந்த நொண்டித் தாளம்தான் ஷஃபிள். சி7-க்கு சி-ஜி கட்டைகளைச் சேர்த்து இரண்டு அடி, சி-ஏ இரண்டு அடி, திரும்பவும் அதே. எஃப்7 வந்தால் எஃப்-சி, எஃப்-டி. ஜி7-க்கு ஜி-டி, ஜி-இ. கணினியைக் கொண்டு தாளத்தை நேராக்காதீர்கள், ஷஃபிளின் உயிரே போய்விடும். டிரம்ஸை அப்புறம் இதன்மேல் சேர்க்கலாம்.

3. ஆர்கன்

ஹேமண்ட் (புகழ்பெற்ற மின் ஆர்கன்) வகை ஒலியைத் தேர்ந்தெடுத்து, ஒன்பது டிராபார்களில் (ஒலியின் தன்மையை மாற்றும் இழுப்புப் பட்டைகள்) முதல் மூன்றை முழுதாக இழுத்து, மற்றவற்றை உள்ளே தள்ளிவிடுங்கள். கொஞ்சம் ஓவர்டிரைவ் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) சேருங்கள். டீப் பர்ப்பிள் ராக் குழுவின் கீபோர்டு கலைஞர் ஜான் லார்ட் தன் ஹேமண்டை மார்ஷல் கிட்டார் ஆம்ப்ளிஃபையரில் இணைத்துத்தான் அந்த உறுமலைக் கொண்டுவந்தார்.

ஓவர்டிரைவ் போட்டபின் முழுக் கார்டைப் பிடித்தால் ஒலி குழம்பிவிடும். இரண்டே ஸ்வரம் போதும். சி7-க்கு இ, பி ஃப்ளாட். இரண்டு விரலையும் அரை ஸ்வரம், அதாவது இடப்பக்கம் அடுத்த கட்டைக்கு, கீழே நகர்த்துங்கள்: இ ஃப்ளாட், ஏ. அதுதான் எஃப்7. சி7 இடத்திலிருந்து அரை ஸ்வரம் மேலே போனால் எஃப், பி. ஜி7 வந்துவிட்டது! இவ்வளவு சின்ன அசைவில் மூன்று கார்டும் கிடைப்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

4. சோலோ

சி, இ ஃப்ளாட், எஃப், ஜி ஃப்ளாட், ஜி, பி ஃப்ளாட்: இதுதான் ப்ளூஸ் ஸ்கேல். இ ஃப்ளாட் கறுப்புக் கட்டையிலிருந்து அதே விரலைப் பக்கத்து வெள்ளை இ-க்குச் சட்டென வழுக்கவிடுங்கள். கிட்டார்காரர்கள் கம்பியை வளைத்துக் கொண்டுவரும் அழுகைக்கு நம் பதில் இதுதான். இரண்டு பார் வாசியுங்கள், இரண்டு பார் சும்மா இருங்கள். அந்த இடைவெளியில் மட்டும் ஆர்கன் பேசட்டும்.

5. மிக்ஸிங்

ஆர்கனில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். அந்த இடம் இடது கைக்கு வேண்டும்.

சரி, அடுத்த பாட்டுக்கு இதே 12 பாரை ஜி-யில், வேகத்தைப் பாதியாக்கி வாசித்துப் பாருங்கள்.