சிங்கப்பூரில் வேலை அனுமதியில் இருப்பவர்கள் கருத்துச் சொல்லுமுன்

காஸா போரைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். கொடியில்தான் வம்பு. கொடி போன்ற வெளிநாட்டுத் தேசியச் சின்னத்தை அனுமதியின்றிப் பொது இடத்தில் காட்டினால் 6 மாதம் வரை சிறை, 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டையில் அச்சிட்டுப் போட்டுக்கொண்டாலும் அதே கதைதான்.

பொதுக்கூட்டங்களுக்கென ஒதுக்கப்பட்ட ஹோங் லிம் பூங்காவில் கூட்டமா? குடியுரிமையோ நிரந்தரவாசமோ இல்லாவிட்டால் ஒதுங்கிப் போங்கள். “சும்மா வேடிக்கை பார்த்தேன்” எடுபடாது. பங்கேற்பவர், பார்ப்பவர் என்று சட்டம் பிரிப்பதில்லை.

நீதிமன்ற விஷயம்தான் பலருக்கும் பிடிபடுவதில்லை. வழக்கு நடக்கும்போதே “இவன்தான் செய்தான்” என்று ஃபேஸ்புக்கில் எழுதாதீர்கள். தீர்ப்புக்குப் பிறகு, தண்டனை ஏன் அதிகம் என்று காரணத்தோடு விமர்சிக்கலாம். நீதிபதி விலைபோனார் என்று எழுதினால் அது நீதிமன்ற அவமதிப்பு: 1,00,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை.