தூசு தட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்

நனைத்து இறுகப் பிழிந்த துணியால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள், தரை கடைசியில். மின்விசிறியை முன்பே நிறுத்திவிடுங்கள். உலர்ந்த துணியால் தட்டினால் தூசு போவதில்லை, காற்றில் எழும்பி வேறிடத்தில் படிகிறது. பெரிய துகள்கள் பெரும்பாலும் மூக்கிலேயே சிக்கிவிடும். 2.5 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்தவைதான் தொல்லை: மணிக்கணக்கில் மிதக்கும், நுரையீரலின் காற்றுப்பைகள் வரை போகும். ஈரம் அவற்றைத் துணியோடு ஒட்டவைக்கிறது. ஆஸ்துமாக்காரர் இருக்கும் வீட்டில் இதைத் தவறவிட வேண்டாம். துணி கறுத்ததும் அலசாவிட்டால் சேறு பூசுவதுதான் மிச்சம்.

சுவிட்ச் போர்டு, கணினியின் உட்பகுதி ஆகியவற்றுக்கு இது ஆகாது. கல், டைல்ஸ், கான்கிரீட் அறுக்கும் வேலைக்கும் இது போதாது. அந்தத் தூசில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா என்ற கனிமம் உண்டு. அறுக்கும்போதே தண்ணீர் விட வேண்டும், முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 கவசமும் வேண்டும். தாடி இருந்தால் அது பொருந்தாது.