அவுட்லுக் பயன்படுத்துகிறீர்களா? மெயில் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

அவுட்லுக் பயன்படுத்துகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் மெயில் எல்லாம் எங்கே இருக்கிறது என்பதுதான். "அவுட்லுக்கில்தான்" என்பார்கள். அவுட்லுக் மெயிலைத் திறந்து காட்டும் மென்பொருள் மட்டுமே. மெயில் சர்வரில் இருக்கலாம், உங்கள் கணினிக்குள் ஒரே ஒரு பிஎஸ்டி (.pst, அவுட்லுக் மெயிலைச் சேர்த்து வைக்கும் ஃபைல்) ஃபைலாகவும் கிடக்கலாம். முன்பு நான் வேலை பார்த்த அலுவலகத்தில் கணினி மெதுவாக ஓடுகிறது என்று ஃபார்மட் செய்தார்கள், டெஸ்க்டாப்பில் இருந்ததையெல்லாம் பென் டிரைவில் எடுத்து வைத்தவர்களுக்கு பிஎஸ்டி என்று ஒன்று இருப்பதே தெரியாது, கணக்கோ மெயிலைச் சர்வரிலிருந்து கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் (POP) முறையில் போட்டது, சர்வரில் பிரதி வைக்கும் டிக்கையும் யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். ஆறு வருட மெயில் ஒரு மதியத்தில் போனது.

அதனால் கணக்கு சேர்க்கும்போது ஐமேப் (IMAP) முறையில் போடுங்கள். மெயில் சர்வரிலேயே இருக்கும், போனிலும் கணினியிலும் அதையே பார்க்கலாம். ஆனால் "போனில்தான் இருக்கிறதே" என்று கணினியில் அழித்துவிடாதீர்கள், ஐமேப்பில் ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் போய்விடும். ஜிமெயில் என்றால் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அப்புறம் கிடைக்காது. சிலர் முடிந்த மெயிலையெல்லாம் அந்தக் குப்பைத்தொட்டியிலேயே சேர்த்து வைக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

பலர் ஏமாறுவது இங்கேதான்: ஐமேப் மெயிலை மட்டும்தான் கொண்டுபோகும். பழைய (கிளாசிக்) அவுட்லுக்கில் ஐமேப் கணக்கோடு நீங்கள் போடும் காலண்டர் குறிப்பும், சேர்க்கும் தொடர்பு எண்களும் அந்தக் கணினியில் மட்டுமே நிற்கும். ஃபோல்டர் பெயரின் பக்கத்திலேயே 'இந்தக் கணினியில் மட்டும்' என்ற பொருளில் எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை. மெயில் பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் கணினியை மாற்றினால் வாடிக்கையாளர் எண் ஒன்றுகூட மிஞ்சாது. அவற்றை ஏற்றுமதி (எக்ஸ்போர்ட்) செய்து வேறோர் இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள்.

பேக்கப் எடுக்கிறேன் என்று ஓஎஸ்டி (.ost) ஃபைலைக் காப்பி செய்வதும் வீண் வேலை. அது சர்வரில் இருப்பதன் நகல், வேறு கணினியில் நேராகத் திறக்காது. பிஎஸ்டியைக் காப்பி செய்யும் முன் அவுட்லுக்கை முழுதாக மூடுங்கள். அந்த ஃபைலை அலுவலக நெட்வொர்க் டிரைவில் வைத்துக்கொண்டு அங்கிருந்தே திறந்து வேலை செய்யாதீர்கள், கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். அளவும் முக்கியம். 2002 பதிப்பு வரை 2 ஜிபி தாண்டினால் ஃபைலே திறக்காது. இப்போது வரம்பு 50 ஜிபி, ஆனாலும் அவ்வளவு பெரிய ஃபைல் கெட்டால் சரிசெய்வது பெரும்பாடு. வருடத்துக்கு ஒரு பிஎஸ்டி என்று பிரித்து வைப்பது எனக்குச் சரியாக வருகிறது.

நாற்பது ஃபோல்டர் போட்டுப் பிரிப்பதில் பெரிய பலன் இல்லை, தேடல் போதும். செய்ய வேண்டியதைப் படிக்காத மெயிலாக விட்டு வைப்பதைவிடக் கொடி (ஃபிளாக்) போட்டு வையுங்கள்.

பழைய அவுட்லுக்கில் ஃபைல் மெனுவில் கணக்கு அமைப்புகளுக்குப் போய் டேட்டா ஃபைல்ஸ் பகுதியைத் திறந்தால் உங்கள் ஃபைல் எந்த டிரைவில், எந்தப் பெயரில் இருக்கிறது என்று தெரியும். அந்தப் பாதையை இன்றே எழுதி வையுங்கள்.