பெயர் அழிந்த கேடயச் சின்னம்: ஆளைக் கண்டுபிடிப்பது எப்படி?

சென்னையில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஓர் ஆங்கில நூலின் உள்ளட்டையில், உரிமையாளரின் சின்னம் அச்சிட்ட சிறு சீட்டு ஒட்டியிருந்தது. பெயர் இருந்த அடிப்பகுதியைப் பூச்சி தின்றுவிட்டது. மிஞ்சியது கேடயம் மட்டும். அதை வைத்தே ஆளைக் கண்டுபிடித்தேன். ஒரு வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை, என் தவறால் இரண்டு மாதம் இழுத்தது.

சோழருக்குப் புலி, பாண்டியருக்கு மீன் என்று பழகிய நமக்குச் சின்னம் குலம் முழுவதற்கும் பொது என்றுதான் தோன்றும். இங்கிலாந்தில் அது ஒரு மனிதருக்கு உரியது. அவருக்குப் பின் ஆண்வழியில் இறங்குவது. அதே குடும்பப்பெயர் இருப்பதாலேயே வேறொருவருக்கு அதில் உரிமை வந்துவிடாது. ஆகவே, "உங்கள் குடும்பப்பெயரின் சின்னம்" என்று கோப்பையில் அச்சிட்டு விற்பவர்களிடம் காசைத் தொலைக்காதீர்கள்.

இந்த வழக்கம் 12ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவில் பிறந்தது. 1151இல் இறந்த, பிரான்சின் ஆன்ஜூ (Anjou) பகுதிக் கோமகன் ஜெஃப்ரியின் நீலக் கேடயத்தில் பொன் சிங்கங்கள் இருந்தன. 1226இல் இறந்த அவருடைய பேரன் வில்லியம் லாங்கஸ்பேயின் கல்லறையிலும் அதே சிங்கங்கள். சால்ஸ்பரி தேவாலயத்தில் இன்றும் காணலாம். தாத்தாவிடமிருந்து பேரனுக்கு இப்படி இறங்குவதுதான் நமக்குப் பிடிகயிறு.

படி 1: நிறத்தைப் படியுங்கள். கறுப்பு வெள்ளை அச்சில் தெரியும் கோடுகள் அலங்காரம் அல்ல. செங்குத்துக் கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், புள்ளி பொன், வெற்றிடம் வெள்ளி, குறுக்கும் நெடுக்குமான கோடுகள் கறுப்பு. 1638இல் பெத்ரா சாங்தா என்ற இயேசு சபைப் பாதிரியார் தம் நூலில் கையாண்டு பரவிய முறை இது. கைப்பேசிப் படத்தைப் பெரிதாக்கினால் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிவிடுங்கள்.

படி 2: இடம், வலம். நான் விழுந்த குழி இதுதான். கேடயம் நடுவில் செங்குத்தாகப் பிளந்திருந்தால் ஒரு பாதி கணவருடையது, மறுபாதி மனைவியின் தந்தை வீட்டுடையது. கணவருக்கு வலப்பாதி. யாருக்கு வலம்? கேடயத்தைப் பிடித்து நிற்பவருக்கு! பார்க்கும் நமக்கு அது இடப்பக்கம். நான் மாற்றிப் படித்து, மாமனார் வீட்டு ஆண்களையெல்லாம் துருவிக்கொண்டிருந்தேன். அவர்களில் ஒருவருக்கும் அப்படியொரு திருமணமே நடக்கவில்லை. குழப்பம் வந்தால் கேடயத்தின் பின்னால் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

மேலே இருந்த குட்டிப் பிறையையும் ஏதோ துருக்கித் தொடர்பு என்று எண்ணினேன். இரண்டாம் மகன் என்பதற்கான அடையாளமாம். மூத்தவருக்கு, தந்தை உயிரோடிருக்கும்வரை, மூன்று தொங்கல்கள் கொண்ட பட்டை. மூன்றாமவருக்கு விண்மீன். எல்லாக் குடும்பங்களும் இதைக் கடைப்பிடிக்கவில்லை என்பதால், இதை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள்.

படி 3: தேடல். பர்க் தொகுத்த சின்னங்களின் பட்டியல் குடும்பப்பெயர் வரிசையில் இருக்கிறது. பெயரே தெரியாதவருக்கு உதவாது. 1874இல் வெளிவந்த பாப்வொர்த்தின் தொகுப்பு சின்னத்தின் வருணனையிலிருந்து பெயருக்குப் போகிறது. இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசம். இரு பாதிகளையும் தனித்தனியே தேடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பல பெயர்கள் வரும்.

படி 4: அந்த இரு பட்டியல்களிலும் உள்ள பெயர்களுக்கிடையே நடந்த திருமணத்தைத் தேடுங்கள். புத்தகம் சென்னையில் கிடைத்ததால், பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான ஃபிபிஸ் தளத்தில் தொடங்கினேன். அங்கேயே கிடைத்தது. வாரிசுகள் இருக்கக்கூடும் என்பதால் பெயரை இங்கே எழுதவில்லை.

பிற்சேர்க்கை: வெள்ளிக் கரண்டியில் கேடயமே இல்லை, முறுக்கிய துணிமேல் ஒரு விலங்குத் தலை மட்டும் இருக்கிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அது தலைக்கவச உச்சிச் சின்னம். ஒரே தலையைப் பல குடும்பங்கள் வைத்திருப்பதால் தனியாக அதைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிப்பது கடினம். கரண்டியில் எழுத்துகள் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொருவர் அனுப்பிய படத்தில் கேடயத்துக்குப் பதில் சாய்சதுரம். அது மணமாகாத பெண்ணுடையது அல்லது கைம்பெண்ணுடையது. இரு பாதிகள் இருந்தால் பெரும்பாலும் கைம்பெண். படி 2 அப்படியே பொருந்தும்.