துளை போட்டுக் கட்டி எடுக்கப் போகிறீர்களா?

மாதாமாதம் மாதவிலக்கில் ரத்தம் அதிகமாகப் போகும் பெரும்பாடு, ஹீமோகுளோபின் 8. ஸ்கேனில் கர்ப்பப்பையில் 6 சென்டிமீட்டர் ஃபைப்ராய்டு, அதாவது புற்றல்லாத தசைக்கட்டி. "ரெண்டு பிள்ளைகள்தான் இருக்கே, கர்ப்பப்பையையே எடுத்துடலாம்" என்றார் முதலில் பார்த்த மருத்துவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. இன்னொருவரிடம் போனேன், அவர் கட்டியை மட்டும் எடுத்தார்.

ஸ்கேன் ரிப்போர்ட்டோடு போய் முதலில் கேளுங்கள்: கட்டி எந்த இடத்தில் இருக்கிறது? உட்குழிக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் வயிற்றில் கீறலே வேண்டாம். கீழ்வழியாகவே கேமராக் குழாய் விட்டு (ஹிஸ்டெரோஸ்கோப்பி) எடுப்பார்கள். என்னுடையது சுவருக்குள் இருந்தது, அதனால் வயிற்றில் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி. தொந்தரவு தராத சிறு கட்டியைப் பல நேரம் சும்மா விட்டுவிடலாம்.

அடுத்து, அதை எப்படி வெளியே எடுப்பீர்கள் என்று கேளுங்கள். சின்னத் துளை வழியாக வர வேண்டுமென்றால் துண்டாக்கித்தான் ஆக வேண்டும். அபூர்வமாக அதில் புற்று ஒளிந்திருந்தால் வயிற்றுக்குள் சிதறிவிடும். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. கட்டியைச் சிதறாதபடி ஒரு தனிப் பைக்குள் போட்டுத் துண்டாக்குவார்களா என்று கேட்பதில் தப்பே இல்லை.

ரத்தம் குறைவாக இருந்தால் அதை முதலில் ஏற்ற வேண்டும். எனக்கு இரும்புச்சத்தை டிரிப்பில் ஏற்றி, ஒரு மாதம் கழித்துத்தான் தேதி கொடுத்தார்கள்.

மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் பையில் நைட்டியாகவே எடுத்து வையுங்கள். பாவாடை நாடா சரியாகத் தொப்புள் தையல் பக்கத்தில்தான் அழுத்தும். நகப்பூச்சையும் அழித்துவிடுங்கள்.

யாரும் எனக்குச் சொல்லாதது தோள்வலி. மறுநாள் காலை வலது தோள் கழன்றுவிடும்போல வலித்தது. மாரடைப்போ என்று பயந்துபோனேன். ஆபரேஷனுக்காக வயிற்றை உப்பவைக்கும் கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் தங்கி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத்தை உறுத்துமாம். அதன் நரம்பு வழியாகத் தோளில் வலி தெரியுமாம். மாமியார் ஓம வாட்டரோடு வந்தார். பாவம், அந்த வாயு குடலுக்கு வெளியே அல்லவா இருக்கிறது! வார்டில் மெதுவாக நடந்தேன், மாத்திரை போட்டேன். மூன்றாம் நாள் போய்விட்டது.

ஆனால் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, மணிக்கு ஒரு நாப்கின் நனைவது, மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்குவது, இதில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

வெளியே நான்கு சின்னத் தழும்புதான், உள்ளே கர்ப்பப்பைச் சுவரில் பெரிய தையல். ஆறு வாரம் கனம் தூக்காதே என்றார்கள். நான்காவது வாரமே கிரைண்டர் கல்லைத் தூக்கிவிட்டு மூன்று நாள் படுத்துக் கிடந்தேன்.