10பிஇ சான்றிதழில் பெயர் மாறி வந்தால்

முதல் தலைமுறை மாணவர்களைக் கல்லூரியில் சேர்க்கும் அறக்கட்டளைக்கு மதுரை வட்டாரத்தில் நிதி திரட்டும்போது வந்த சிக்கல். கம்பெனி கொடுத்த நன்கொடைக்கு 10பிஇ (வருமான வரிக்கான நன்கொடைச் சான்றிதழ்) அதன் முதலாளி பெயரில் வந்தது. அவர்கள் ஆடிட்டர் ஏற்கவில்லை. நன்கொடையாளர் விவரங்களை நாங்கள் பதிவேற்றிய சிஎஸ்வி கோப்பில் பிழையில்லை, பான் எண்ணும் செல்லுபடியானதுதான். கம்பெனி பெயரில் தனி ரசீது கொடுத்தோம். ஆனால் அதை வைத்து 80ஜி (நன்கொடைக்கான வரிக் கழிவு) கேட்க முடியாது.

விஷயம் பானின் நாலாவது எழுத்தில் இருந்தது. ‘பி’ என்றால் தனிநபர், ‘சி’ என்றால் கம்பெனி. காசோலையோ பிரைவேட் லிமிடெட் கணக்கு. நன்கொடைப் படிவத்தில் முதலாளியின் சொந்த பான். எக்செல்லில் அந்த எழுத்தைத் தனியாகப் பிரித்து, வங்கி அறிக்கையில் பணம் அனுப்பியவர் பெயருக்கு எதிரே வைத்தால் உடனே தெரிந்துவிடும். (கணவன் பான், மனைவி கணக்கு என்றால் இது உதவாது, பெயரைத்தான் பார்க்கணும்.) திருத்திய 10பிடி (அறக்கட்டளை வரித் துறைக்குத் தரும் நன்கொடை விவர அறிக்கை) தாக்கல் செய்ததும் புது 10பிஇ சரியாக வந்தது. அப்பாடா!