பப்மெட் தேடலில் எங்கே கோட்டை விடுகிறோம்?

கர்ப்பகால ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை எந்த அளவுக்குப் பலன் தருகிறது என்று, மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் பப்மெட் தளத்தில் தேடுவதாக வைத்துக்கொள்வோம். கேள்வியை அப்படியே தேடல் பெட்டியில் தட்டிவிடுவதுதான் பலரும் செய்வது. யாருக்கு, என்ன சிகிச்சை, எந்த நோய் என்று உடைத்துத் தேட வேண்டும். பலன், விளைவு பற்றிய சொற்களைச் சேர்க்காதீர்கள். சுருக்கத்தில் அந்தச் சொல் இல்லை என்பதற்காகவே நல்ல கட்டுரைகள் விடுபட்டுப்போகும்.

அடுத்தது அடைப்புக்குறி. பப்மெட் இடமிருந்து வலமாகத்தான் கணக்குப் போடும். 'கர்ப்பம் ஆண்ட் அயர்ன் ஆர் ஃபெரஸ்' (ஆண்ட் என்றால் இரண்டும் வேண்டும், ஆர் என்றால் ஒன்று போதும்; ஃபெரஸ் இரும்பு மாத்திரைப் பெயர்களில் வரும் சொல்) என்று கொடுத்தால், கர்ப்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஃபெரஸ் கட்டுரைகளெல்லாம் வந்து கொட்டும். அயர்ன், ஃபெரஸ் இரண்டையும் ஒரே அடைப்புக்குறிக்குள் வையுங்கள்.

மேற்கோள்குறி இன்னும் மோசம், ஏனென்றால் தவறு கண்ணில் படாது. வெறுமனே அனீமியா என்று தட்டினால் பப்மெட் அமெரிக்க, பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் இரண்டையும் தேடும், உரிய மெஷ் சொல்லையும் (கட்டுரைகளுக்கு ஒட்டப்படும் நிலையான பொருள் தலைப்பு) தானே சேர்த்துக்கொள்ளும். மேற்கோளுக்குள் போட்டாலோ நட்சத்திரக்குறி சேர்த்தாலோ அந்த உதவி நின்றுவிடும். பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலில் உள்ள கூடுதல் 'ஏ' ஒன்றே அமெரிக்கக் கட்டுரைகளை மறைத்துவிடும். ஒவ்வொரு தேடலுக்குப் பிறகும் அட்வான்ஸ்டு பக்கத்தில் உள்ள 'டீடெய்ல்ஸ்' பகுதியைத் திறந்து, பப்மெட் உண்மையில் எதைத் தேடியது என்று படியுங்கள்.

அதற்காக மெஷ்ஷை மட்டும் நம்பிவிடவும் கூடாது. மெட்லைனில் (பப்மெட்டுக்குள் மெஷ் சொல் ஒட்டப்படும் பகுதி) சேராத பத்திரிகைகளின் கட்டுரைகளுக்கு மெஷ் சொல்லே கிடையாது. இன்னும் வகைப்படுத்தப்படாத புதிய கட்டுரைகளுக்கும் அப்படித்தான். மெஷ் சொல்லையும் தலைப்பு, சுருக்கத்தில் வரக்கூடிய சொற்களையும் 'ஆர்' போட்டு இணையுங்கள். 'ஹியூமன்ஸ்' வடிகட்டியும் மெஷ்ஷை நம்பியே ஓடுகிறது. அதை அழுத்தினால் இவையெல்லாம் சத்தமில்லாமல் காணாமல் போகும். விலங்கு ஆய்வு வேண்டாமென்றால், விலங்கு என்று மட்டும் குறிக்கப்பட்டு மனிதர் என்று குறிக்கப்படாதவற்றைக் கழியுங்கள்.

இதே தேடலை எம்பேஸ் என்ற இன்னொரு மருத்துவத் தரவுத்தளத்தில் ஒட்டினால் ஓடாது; அங்கே மெஷ்ஷுக்குப் பதில் எம்ட்ரீ என்ற சொற்பட்டியல். கூகுள் ஸ்காலர் எத்தனை லட்சம் முடிவு என்று காட்டினாலும் முதல் 1,000-க்கு மேல் பார்க்க விடாது. பப்மெட்டிலோ 8 மணிநேரம் சும்மா விட்டால் தேடல் வரலாறு அழிந்துவிடும். தேடிய வரி, தேதி, கிடைத்த எண்ணிக்கை மூன்றையும் அன்றன்றே எழுதி வையுங்கள்.

தரவில் வேறு வகைப் பொறி. நாடுவாரியாக நோய்களின் அளவைச் சொல்லும் உலக நோய்ச்சுமை ஆய்வின் எண்கள் கணித மாதிரி (மாடல்) வழியாக வந்த மதிப்பீடுகள். தலை எண்ணியவை அல்ல. ஒவ்வொரு சுற்றிலும் 1990 முதல் முழு வரிசையையும் திருத்துகிறார்கள். பழைய சுற்றின் ஓர் ஆண்டையும் புதிய சுற்றின் ஓர் ஆண்டையும் பக்கத்தில் வைத்து 'குறைந்தது' என்று எழுதினால், குறைந்தது நோயா, கணக்குமுறை மாறியதா என்று சொல்ல முடியாது. வரையறையையும் பாருங்கள். கர்ப்பிணிகளுக்கு உலக சுகாதார அமைப்பின் ஹீமோகுளோபின் எல்லை டெசிலிட்டருக்கு 11 கிராம் என்றிருந்தது. 2024 வழிகாட்டுதலில் இரண்டாம் டிரைமெஸ்டருக்கு (கர்ப்பத்தின் நடு மூன்று மாதம்) மட்டும் 10.5. ஐந்தாம் மாதத்தில் 10.7 உள்ள பெண் பழைய தரவில் ரத்தசோகை உள்ளவர், புதியதில் இல்லாதவர்.